காரில் வந்த சத்தமும் நீ கேட்ட வேகமும்

கண்ணா,

சனிக்கிழமை கார் பார்க்க வர்றேன்னு சொன்ன ஆளை வர வேண்டாம்னு சொல்லிடு. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீ கடைசி வரைக்கும் கேப்பியோ மாட்டியோ எனக்குத் தெரியாது. கார் விக்கறதுக்கு இல்லை. ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். எழுதறேன்னு சொல்றேனே தவிர, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு அரை நாள் ஆகும்னு எனக்குத் தெரியாதா? மல்காஜ்கிரியில பொறந்து, தெலுங்குல விளையாடி, ஹிந்தியில சண்டை போட்டு, இங்கிலீஷ்ல பரீட்சை எழுதின பிள்ளை நீ. நான் தமிழ்ல கேட்டா நீ இங்கிலீஷ்ல பதில் சொல்லுவே. அதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லை, நம்ம வீடே அப்படித்தான். அதனால இதை முழுசா எழுதி வெச்சுக்கிட்டு, அப்புறம் போன்ல வாசிச்சு உனக்கு வாய்ஸ் மெசேஜா அனுப்பப் போறேன். எழுதாம பேசினா நான் எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ போயிடுவேன், நீயும் "ஓகேமா, ஓகேமா"ன்னு சொல்லிட்டு வெச்சுடுவே. ஒண்ணே ஒண்ணு. கேக்கும்போது போன்ல இருக்கிற அந்தச் சின்னப் பட்டனைத் தொடாதே. எந்தப் பட்டன்னு பின்னாடி சொல்றேன்.

மழைக்காலம் முடிஞ்ச சமயம், ஒரு நாள் காலையில காரை ஸ்டார்ட் பண்ணினதும் பானெட்டுக்குள்ளேர்ந்து புதுசா ஒரு சத்தம். கொதிக்கிற பாத்திரத்து மேல மூடி ஆடுமே, அந்த மாதிரி டண டண டணன்னு, தகரம் எதுலயோ படற சத்தம். வண்டி நின்ன இடத்துல இன்ஜின் மட்டும் ஓடும்போது வரும். ஆக்ஸிலேட்டரை லேசா மிதிச்சா காணாமப் போயிடும். சிக்னல்ல நின்னா திரும்ப வந்துடும். அந்த ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணினப்போ பேச்சோட பேச்சா இதையும் சொன்னேன். நம்ம ஞாயித்துக்கிழமைப் பேச்சு எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டியா, போட்டேன். அங்கே குளிரா, குளிர்தான். நான் டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருவேன், அது ஆறறதுக்குள்ள பேச்சு முடிஞ்சுடும். ஆனா அன்னிக்குக் கார்ல சத்தம்னு சொன்னதும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தே. "என்ன மாதிரி சத்தம்மா? எப்போ வருது?"ன்னு தமிழ்லயே கேட்டே! நான் வாயால டண டணன்னு பண்ணிக் காட்டினேன். நீ சிரிச்சே. டீ ஆறி ஆடை கட்டிப் போச்சு. அதோட விட்டியா, புதன்கிழமை நீயாவே போன் பண்ணினே. நடு வாரத்துல உன் பேரைப் பார்த்ததும் ஐயோ, என்னமோ ஆயிடுச்சுன்னு பதறிப் போய் எடுத்தா, "ஹவ் இஸ் த கார்?"னு கேட்டே. எனக்கு அன்னிக்கு முழுக்க நல்லாவே போச்சு.

உன் அப்பா இருந்தா அந்தச் சத்தம் ஒரு நாள் தாங்கியிருக்காது. ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வருஷக்கணக்கா சுத்தியல் சத்தத்துக்கு நடுவுல வேலை பார்த்து, நீ ஸ்கூல் போற வயசுலயே அவருக்குக் காது பாதி போயிடுச்சு. அப்படிப்பட்ட மனுஷன் கார் வாங்கினா அதோட வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவார்? நான்தான் அவருக்குக் காது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்தவ நான். லைன்ல ஒரு கரகரப்பு வந்தா எந்தப் பக்கம்னு சொல்லிடுவேன். அவர் ஓட்டுவார், நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டு, கேட்ட சத்தத்தை அவர் இடது கையில விரலால தட்டிக் காட்டுவேன். எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமா, எங்கே விட்டு வருதோ அங்கே விட்டு. ஒண்ணும் இல்லை, எல்லாம் சரின்னா உள்ளங்கையை அப்படியே அவர் கை மேல விரிச்சு வெச்சுடுவேன். புருஷன் பொண்டாட்டி கை கோத்துட்டுப் போறாங்கன்னு ரோட்டுல பார்க்கிறவங்க நினைச்சிருப்பாங்க. நாங்க இன்ஜினோட டேப்பெட் சத்தம் பேசிட்டு இருந்திருப்போம்.

நீயும் அதுல கெட்டிக்காரன்தான், மறந்துட்டியா? பின் சீட்டுல நின்னுக்கிட்டு அப்பாவோட தோள்ல தட்டுவே. நாம வெச்ச பேரெல்லாம் ஞாபகம் இருக்கா? தையல் மிஷின் மாதிரி டிக்குடிக்குனு வந்தா அது ‘டெய்லர்’, ஆயில் பாரு, டேப்பெட்டைப் பாருன்னு அர்த்தம். ஈரமான காலையில கீச்சுன்னு கத்திட்டுக் கொஞ்ச நேரத்துல தானா அடங்கினா அது பெல்ட்டு, அதுக்கு ‘அத்தை’ன்னு பேர். வீட்டுக்குள்ள வரும்போதே கத்திக்கிட்டு வந்து, காபி குடிச்சதும் சாதுவாயிடற உன் அத்தை பேரை நீதான் வெச்சே; அவ காதுல விழாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்ரீசைலம் போனோமே, அந்த மலை ரோட்டுல லொட்டு லொட்டுன்னு என்னமோ இடிக்குது. எனக்குப் பயம், மலையில வண்டி நின்னுட்டா என்ன பண்றதுன்னு. நீ அப்பா தோள்ல தட்டிக்கிட்டே வந்தே. நேர் ரோட்டுல ஒண்ணுமே தட்டலை, வளைவு வந்தா ஒரு தட்டு, அடுத்த வளைவுக்கு இன்னொண்ணு. அப்பா ஓரமா நிறுத்திட்டு, "இன்ஜினுக்கு வளைவு எங்கேடா தெரியும்?"னு சொல்லி டிக்கியைத் தொறந்தார். கோயிலுக்கு வாங்கின தேங்காய் பையிலேர்ந்து நழுவி ஸ்டெப்னிப் பக்கம் உருண்டுக்கிட்டு இருந்துச்சு. உன்னைத் தூக்கி, "கரெக்டா தட்டினேடா"ன்னார். அந்தத் தேங்காயை நீ கீழேயே வைக்கலை, மடியிலயே வெச்சுக்கிட்டு வந்தே.

அவர் எப்பவும் கேக்கிறது ஒரே கேள்விதான், சத்தம் எப்போ வருது. ஸ்டார்ட் பண்ணினதும் வருதா, சூடானப்புறமா? நின்ன இடத்துல ரேஸ் பண்ணினா கூடுதா? கூடினா இன்ஜின் பக்கம் போ. வண்டி உருண்டா மட்டும் வருதுன்னா சக்கரத்துக்குப் போ. ஏசி போட்டா மட்டும்னா அங்கே பாரு. அதுக்கெல்லாம் பதில் கிடைச்ச பிறகுதான் எங்கேன்னு தேடுவார். தேடறதுக்கு என்னோட பூரிக்கட்டையைத் தூக்கிட்டுப் போயிடுவார், பாவி மனுஷன். ஒரு முனையை இன்ஜின் மேல வெச்சு, இன்னொரு முனையைக் காதுக்கு முன்னாடி இருக்கிற எலும்புல அழுத்திக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு நிப்பார். நான் அதை எத்தனை சோப்பு போட்டுக் கழுவினாலும் நீ "பெட்ரோல் பூரி எனக்கு நக்கோ, வேணாம்"ன்னு தட்டைத் தள்ளிடுவே.

சரி, கதைக்கு வர்றேன். ரெகார்ட் பண்ணி அனுப்புன்னு நீ சொன்னே, அனுப்பினேன். பானெட்டைத் தொறந்து, போனைக் கிட்ட வெச்சு, கடைசியில "கேட்டுச்சாப்பா? நீ சாப்பிட்டியா?"ன்னு ஒரு வார்த்தையும் சேர்த்து அனுப்பினேன். அடுத்த நாளே உன் தீர்ப்பு வந்துடுச்சு. இன்ஜினுக்குள்ள இடிக்குது, பேரிங் போயிருக்கு, இனி ஓட்டாதே. யாருக்காவது காட்டட்டுமான்னு கேட்டேன், காட்டுன்னே. லோத்குண்டா ரோட்டுல இருக்கிற மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அன்னிக்கு அவன் கடையில அவ்வளவு கூட்டம். பானெட்டைக்கூடத் தொறக்கலை, வண்டியோட வயசைக் கேட்டான், "நக்கோ ரக்கோ அம்மா, பேச் டாலோ"ன்னான். வெச்சுக்காதீங்க, வித்துத் தள்ளுங்கன்னு. ஹவ் ஹவ், ஆமா ஆமான்னு தலையாட்டிட்டுத் திரும்பி வந்தேன். அந்த வாரமே நீ அங்கேயிருந்தே காரை விளம்பரத்துல போட்டுட்டே, ஆளும் பிடிச்சுட்டே. கூடவே கோயம்புத்தூர்ல வயசானவங்களுக்குன்னு கட்டியிருக்கிற வீடுகளோட படம் அனுப்பினே. "அங்கே எல்லாரும் தமிழ் பேசுவாங்கம்மா, யூ வில் ஃபீல் அட் ஹோம்"னு சொன்னே.

எனக்கு எதுவும் புரியாதுன்னு நினைச்சுக்காதே கண்ணா. காரை வித்தா அதோட நிக்காதுன்னு எனக்குத் தெரியும். ஆட்டோவுக்குக் கை காட்ட எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா கார் போனதும் "நீ எப்படிமா தனியா சமாளிப்பே?"ன்னு அடுத்த பேச்சு வரும். அதுக்கப்புறம் வீட்டைப் பூட்டுவோம். அப்புறம் நான் கோயம்புத்தூர்ல ஒரு சுத்தமான ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு, ஹவ்வும் நக்கோவும் வாயில வராம பார்த்துப் பார்த்துத் தமிழ் பேசிட்டு இருப்பேன். என் தாத்தா காலத்துலேர்ந்து நாம இந்த ஊர். அந்த ஊருக்கு நான் அசலூர்க்காரி. இங்கே மட்டும் ஜனம் நிறைஞ்சு வழியுதான்னு கேக்காதே, இல்லைதான். அப்பா போனப்புறம் இந்த வீட்டுல நான் தொட்டாச் சத்தம் போடறது ரெண்டே ரெண்டு, ஒண்ணு மிக்ஸி, இன்னொண்ணு கார். அதுல ஒண்ணை வித்துடுன்னா எப்படி?

போன ஞாயித்துக்கிழமை வீடியோவுல பேசினோமே, அதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். எனக்கு இன்னும் நம்பிக்கை வரலைன்னு நான் முரண்டு பிடிச்சேன். "வெயிட்மா, திரும்பக் கேளு"ன்னு சொல்லி, லேப்டாப்புல என் முகத்தை வெச்சுக்கிட்டே, உன் போன்ல அந்த ரெகார்டிங்கைப் போட்டே. டடடடடடன்னு பட்டாசுச் சரம் மாதிரி ஓடிச்சு. நான் அனுப்பின சத்தம் அது இல்லவே இல்லை. என்னடா இது வேற யாரோட காரோன்னு நினைக்கறதுக்குள்ள, சத்தம் முடிஞ்சு ஒரு பொம்பளை குரல் படபடன்னு ‘கேட்டுச்சாப்பா நீ சாப்பிட்டியா’ன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டு ஓடிப் போச்சு. யாருடா இவ, ரயிலைப் பிடிக்க ஓடறவ மாதிரி பேசறாளேன்னு பார்த்தேன். நான்தான் அது. நீ என்னை டபுள் ஸ்பீடுல கேட்டிருக்கே.

உனக்கு அதுல எதுவுமே வித்தியாசமாத் தெரியலை. "யூ சீ? நாக்கிங்மா, கிளியரா கேக்குது"ன்னு சொல்லிட்டு என்னைப் பார்த்தே. அப்போதான் எனக்கு உறைச்சுது, இந்த ஒரு மெசேஜை மட்டும் இல்லை. நான் இத்தனை நாளா அனுப்பினது எல்லாத்தையும் அப்படித்தான் கேட்டிருக்கே. அப்பா திதிக்கு நான் என்ன சமைச்சேன்னு சொன்னது, மாடி வீட்டுல புதுசாக் குழந்தை பொறந்தது, மழையில சுவர் ஊறிப் போனது, எல்லாமே உனக்கு ஒரு அவசரக்காரி சொன்ன சேதி. எனக்குக் கோவம் வந்துச்சு. பொய் என்ன, அழுகையும் வந்துச்சு. "அடுப்புல பால் வெச்சிருக்கேன்"னு சொல்லி போனை வெச்சுட்டேன். பாலெல்லாம் ஒண்ணும் இல்லை.

உனக்கு வேலை இருக்கு, எத்தனையோ மீட்டிங், எனக்குத் தெரியாம இல்லை. ஆனா யோசிச்சுப் பாரு. காது கேக்காத மனுஷனுக்கு நாம ரெண்டு பேரும் எவ்வளவு நிதானமாத் தட்டிக் காட்டினோம்! ஒரு தட்டு கூடிப் போனா அவர் வேற எதையோ கழட்டிடுவார்னு எவ்வளவு கவனமா இருப்போம்! தோள்ல தட்டிப் பழகின பிள்ளை நீ, மெதுவா ஆடற ஒரு தகரத்தை ஓட்டமா ஓட விட்டுக் கேட்டுட்டு, இன்ஜின் போச்சு, காரை வித்துடு, வீட்டைப் பூட்டுன்னு முடிவு பண்ணிட்டே. அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பார். எனக்குச் சிரிப்பு வர ரெண்டு நாள் ஆச்சு.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு மறுநாள் காலையில பூரிக்கட்டையை எடுத்துட்டுக் கீழே போனேன். துப்பட்டாவைக் கழட்டி சீட்டுல போட்டுட்டு, முடியை இறுக்கிக் கட்டிக்கிட்டேன்; ஓடற ஃபேன் கிட்டயும் பெல்ட் கிட்டயும் எதுவும் தொங்கக் கூடாதுன்னு அப்பா என்னைத் திட்டாத நாளே கிடையாது. ஸ்டார்ட் பண்ணினேன். டண டண டண. மாடி வீட்டுப் பொண்ணு குழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, ஏம் சேஸ்துன்னாரு?"ன்னு கேட்டா. பூரி பண்றேன்னு சொன்னேன். பைத்தியம்னு நினைச்சிருப்பா, நினைக்கட்டும். கட்டையோட ஒரு முனையை இன்ஜின் மேல வெச்சு, இன்னொண்ணை எலும்புல அழுத்திக் கண்ணை மூடினேன். கண்ணா, எத்தனையோ வருஷம் அவர் அப்படி நிக்கறதைப் பார்த்துக் கிண்டல் பண்ணியிருக்கேன், ஒரு நாள்கூட நான் வெச்சுப் பார்த்ததே இல்லை. சத்தம் காது வழியா வரலை. தாடை வழியா, பல்லு வழியா உள்ளே இறங்குது. உன் அப்பாவுக்கு உலகம் இப்படித்தான் கேட்டிருக்குன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவர் போனப்புறம் அவர் பக்கத்துல நின்ன மாதிரி இருந்தது அந்த ஒரு தடவைதான்.

இன்ஜின் உள்ளே ஒரு இடியும் இல்லை. டெய்லர் லேசாத் தைச்சுட்டு இருந்தார், அது வயசுக்கு உள்ளதுதான். கட்டையை ஒவ்வொரு இடமா நகர்த்திட்டே போனேன். முன்னாடி புகை போற குழாய் மேல, சூடு மத்த சாமானுக்குப் போகாம இருக்க ஒரு தகரம் மூடியிருக்குமே, அதுல கட்டை பட்டதும் சத்தம் டக்குனு நின்னுடுச்சு. எடுத்தேன், வந்துச்சு. அழுத்தினேன், நின்னுடுச்சு. சின்னப் பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பப் பண்ணிட்டு இருந்தேன். அப்புறம் வண்டியை ஆஃப் பண்ணி, நல்லா ஆற விட்டுட்டுக் கையை விட்டுத் தடவினேன். ஒரு பக்கத்து போல்ட்டு எப்பவோ துருப்பிடிச்சு உடைஞ்சு போயிருக்கு. அந்த இடத்துல ஒரு கட்டுக்கம்பி, அதுவும் நடுவுல அறுந்து தொங்குது. இழுத்து எடுத்துப் பார்த்தேன். கம்பியை முறுக்கி, முறுக்கின நுனியை உள்ளே மடக்கி விட்டிருந்துச்சு, யார் கையிலயும் குத்தாம. யார் கட்டினதுன்னு உனக்கு நான் சொல்லணுமா? ஒரு தடவை அப்பா மௌலா அலியில ரோட்டோரமா வண்டியை நிறுத்திட்டு எதையோ கட்டிக்கிட்டு, "ரெண்டு நாள் தாங்கும், அப்புறம் போல்ட்டு போடறேன்"னு சொன்னார். போடவே இல்லை. அந்தக் கம்பி அவருக்கப்புறமும் தாங்கியிருக்கு.

அவரோட டப்பாவுலேர்ந்தே புதுக் கம்பி எடுத்து, அவர் முறுக்கின மாதிரியே முறுக்கி, நுனியை உள்ளே மடக்கிட்டேன். அறுந்த கம்பியைத் தூக்கிப் போடலை, கார்லயே வெச்சிருக்கேன். ஸ்டார்ட் பண்ணினா வாயைத் தொறக்கலை வண்டி. மௌலா அலி ஸ்டேஷன் வரைக்கும் போய்க் காய் வாங்கிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் சிக்னல்ல நின்னு நின்னு கேட்டேன், சுத்தமா ஒண்ணும் இல்லை. பழக்கம் இருக்கே, எல்லாம் சரின்னு சொல்ல இடது கையை விரிச்சுப் பக்கத்துல வெச்சுட்டேன். சீட்டு மேல கத்திரிக்காய்ப் பைதான் இருந்துச்சு. உடனே உனக்குப் போன் போடலாம்னு எடுத்தேன். எடுத்துட்டு வெச்சுட்டேன். ஏன்னு சொல்றேன், திட்டாதே.

அந்தச் சத்தம் வந்த முதல் வாரமே நான் பூரிக்கட்டையை எடுத்திருக்கலாம். ஆக்ஸிலேட்டரை மிதிச்சா மறையற சத்தம், தகரச் சத்தம். பெரிய சீக்கு இல்லைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். எடுக்கலை. எடுத்தா நின்னுடும், நின்னுட்டா நீ புதன்கிழமை கூப்பிட மாட்டே. சாப்பிட்டியா, சாப்பிட்டேன்னு திரும்ப ஆயிடும். அதனால அந்தச் சத்தத்தை நான் வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வெச்சுக் காப்பாத்தினேன். அது உன் கையில கார் விளம்பரமாவும் கோயம்புத்தூர் வீடாவும் போய் முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்? தனியா இருக்கேன் கண்ணா. ரொம்பத் தனியா இருக்கேன். இதைச் சொல்லத்தான் எனக்கு ஒரு கார் சத்தம் வேண்டியிருந்துச்சு. ஆனா தனியா இருக்கிறதுக்கு மருந்து இன்னொரு ஊர் இல்லை. ஓட்ட முடியலைன்னு என் கை சொல்ற அன்னிக்கு நானே சொல்றேன், சாவியை நானே எடுத்துக் குடுக்கறேன். அது வரைக்கும் அந்த ஆளை அனுப்பாதே. இந்த ஞாயித்துக்கிழமை கூப்பிடு. கார்ல சத்தம் ஒண்ணும் இல்லை, எனக்குச் சொல்றதுக்கு விசேஷமும் ஒண்ணும் இல்லை. அப்பவும் கூப்பிடு, புதன்கிழமையும் கூப்பிடு.

இப்ப அந்தப் பட்டன். ‘2x’னு இருக்குமே, அதை ஒண்ணுக்குக் கொண்டு வா. இதுவரைக்கும் வேகமாவே கேட்டிருந்தேன்னா பரவாயில்லை, இங்கேயிருந்தாவது மெதுவாக் கேளு. நான் இதை கார் பக்கத்துல நின்னுதான் வாசிக்கிறேன். முடிச்சதும் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, போனைப் பக்கத்துல வெச்சுட்டு, கொஞ்ச நேரம் பேசாம இருக்கப் போறேன். ஒண்ணும் வராதேன்னு கட் பண்ணிடாதே. அது முடியற வரைக்கும் கேளு, நான் அங்கேதான் நிக்கறேன்.

அம்மா